ஜாக் சார்ல்டன்: டிஃபெண்டருக்கு எது பிடிக்காது என்று தெரிந்த மேனேஜர்

கேள்வி இது: "1990 உலகக் கோப்பையில் அயர்லாந்து ஒரு ஆட்டத்தைக்கூட நேரடியாக ஜெயிக்காமல் காலிறுதி வரை போனது. பழைய வீடியோக்களைப் பார்த்தால் கொட்டாவிதான் வருகிறது. பந்தை வானத்துக்கு உதைக்கச் சொன்னதைத் தவிர ஜாக் சார்ல்டன் அப்படி என்னதான் செய்தார்? ஒரு ஆங்கிலேயரை அயர்லாந்துக்காரர்கள் ஏன் இந்த அளவுக்குக் கொண்டாடுகிறார்கள்?"

கொட்டாவி வந்ததில் தப்பே இல்லை. அந்த உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டம் ஆடி அயர்லாந்து அடித்தது மொத்தம் இரண்டே கோல். நாலு டிரா, ஒரு தோல்வி. ரொமேனியாவை பெனால்டியில் தாண்டி, ரோமில் இத்தாலியிடம் ஸ்கிலாச்சி அடித்த ஒற்றைக் கோலில் தோற்று வீடு திரும்பினார்கள். ஆனால் "வானத்துக்கு உதைத்தார்கள்" என்று முடித்துவிட்டால் முக்கியமானதை விட்டுவிடுவோம். பந்து எங்கே விழ வேண்டும் என்று அவர் சொன்னார், ஏன் அந்த இடம் என்பதுதான் விஷயம். அது புரிய வேண்டுமானால் அவர் களத்தில் இருபது வருஷம் எங்கே நின்றார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஜாக் 1935-ல் இங்கிலாந்தின் வடகிழக்கில் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா சுரங்கத் தொழிலாளி. அம்மா சிஸ்ஸி வழியில்தான் கால்பந்து: அவருடைய அண்ணன் தம்பிகள் நாலு பேரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள், நியூகாசிலின் நட்சத்திரம் ஜாக்கி மில்பர்ன் அவருடைய உறவினர். வீட்டில் திறமைசாலி என்று எல்லோரும் சொன்னது தம்பி பாபியைத்தான். ஜாக் நெட்டையாக, நீண்ட கழுத்தோடு, கொஞ்சம் முரடாக வளர்ந்தவர். ரசிகர்கள் வைத்த பட்டப்பெயரே ஒட்டகச்சிவிங்கி. 15 வயதில் லீட்ஸ் யுனைடெட் கூப்பிட்டபோது முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுரங்கத்தில் சேர்ந்தார். உள்ளே இறங்கிப் பார்த்ததும், இது நமக்கு ஆகாது என்று கிளம்பிவிட்டார். பிறகு போலீஸ் வேலைக்கான நேர்முகமும் லீட்ஸின் தேர்வு ஆட்டமும் ஒரே நேரத்தில் வந்தன. அவர் ஆட்டத்துக்குப் போனார்.

லீட்ஸில் 1953-ல் அறிமுகம், 1973-ல் ஓய்வு. நடுவில் வேறு கிளப் கிடையாது. 773 ஆட்டங்கள், அந்தக் கிளப்பின் சாதனை அது. முதல் எட்டு வருஷம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாய் நீளம், வம்பு அதிகம். கூட ஆடிய டான் ரெவி, நான் மேனேஜராக இருந்தால் உன்னை எடுக்கவே மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். 1961-ல் அதே ரெவி மேனேஜரானார். ஜாக் திருந்தினாரா, ரெவி திருத்தினாரா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எப்படியோ, பத்து வருஷத்தில் இங்கிலாந்தின் முரட்டுத்தனமான, ஜெயிக்கத் தெரிந்த அணியின் நடுத்தூண் ஆகிவிட்டார்: 1968-69-ல் லீக் பட்டம், 1972-ல் இங்கிலாந்து கிளப்களின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கோப்பை.

இங்கிலாந்து அணிக்கு அவர் முதன்முதலில் ஆடியது 1965-ல், 30 வயதை நெருங்கும்போது. ஏன் என்னை எடுத்தீர்கள் என்று மேனேஜர் ஆல்ஃப் ராம்ஸேயிடம் கேட்டாராம். சிறந்த பதினோரு பேரைத் தான் தேடவில்லை, தன் திட்டத்துக்குப் பொருந்துகிறவர்களைத்தான் தேடுவதாக ராம்ஸே சொன்ன பதிலை ஜாக் ஆயுசு முழுக்கச் சிரித்துக்கொண்டே சொல்லிவந்தார். சிரித்தாலும் அந்தப் பதிலை அவர் மறக்கவில்லை. இருபது வருஷம் கழித்து அயர்லாந்தில் அதை அப்படியே செய்தார்.

1966 உலகக் கோப்பையை அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வென்றார்கள். அரையிறுதியில் போர்ச்சுகலுக்குக் கிடைத்த பெனால்டி ஜாக் கையால் பந்தைத் தடுத்ததால் வந்தது. இறுதியாட்டத்தின் கடைசி நிமிஷத்தில் ஜெர்மனி சமன் செய்த கோலுக்கு வழிவிட்ட ஃப்ரீ கிக்கும் அவர் மேல் விசில் ஊதியதால் வந்ததுதான். கோப்பை கைக்கு வந்தது உறுதியானதும் முழங்காலில் விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். 1966-ல் பாபிக்கும் 1967-ல் ஜாக்குக்கும் பத்திரிகையாளர்கள் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதைக் கொடுத்தார்கள்.

அவருடைய மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு லீட்ஸ் காலத்துக் கார்னர் கிக் ஒன்றே போதும். எதிரணிக்கு எதிராகக் கார்னர் கிடைத்தால் ஜாக் ஓடிப்போய் கோல் கோட்டிலேயே, கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் நின்றுகொள்வார். ஆறடிக்கு மேல் உயரம். கீப்பர் அவரைத் தாண்டி வெளியே வர முடியாது, தள்ளவும் முடியாது. பந்து உள்ளே விழும்போது முன்னால் வர வேண்டிய கை பின்னாலேயே மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு எல்லா அணிகளும் கார்னரில் கீப்பரைச் சுற்றி ஆளை நிறுத்துகின்றன. அன்றைக்கு அது பெரிய சண்டையைக் கிளப்பியது. சென்டர் பேக்காக, அதாவது கோலுக்கு முன்னால் நடுவில் நிற்கும் டிஃபெண்டராக, இருந்துகொண்டே லீட்ஸுக்கு 90-க்கு மேல் கோல் அடித்ததில் இந்தத் தந்திரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எதிராளிக்கு எது தொல்லை என்று முதலில் கண்டுபிடி, நம் அழகை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்: ஒரு டிஃபெண்டரின் யோசனை இது. ஃபார்வர்டாக வளர்ந்தவனுக்கு இப்படித் தோன்றாது.

1973-ல் மிடில்ஸ்பரோ மேனேஜர். இரண்டாம் டிவிஷனில் முதல் வருஷமே 15 புள்ளி வித்தியாசத்தில் பட்டம். ஒரு வெற்றிக்கு இரண்டு புள்ளி மட்டுமே தந்த காலத்தில் அது சாதாரண வித்தியாசம் இல்லை. அதே டிவிஷனில் அதே வருஷம் பிரஸ்டன் அணிக்கு மேனேஜராக இருந்தவர் பாபி. பிரஸ்டன் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர் தம்பி, பயிற்சியில் தேறியவர் அண்ணன். நான் நினைக்கும் காரணம் இது: பாபி செய்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஜாக் களத்தில் செய்த ஒவ்வொன்றும் யோசித்து, கணக்குப் போட்டுச் செய்தது. இளம் வயதிலேயே லில்லிஷால் விளையாட்டு மையத்தில் பயிற்சியாளர் வகுப்புகளுக்கும் போயிருக்கிறார்.

மிடில்ஸ்பரோவில்தான் பின்னால் அயர்லாந்தில் வந்த யோசனையின் விதை. பந்து உதைக்கப்படும் நொடியில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கும் எதிராளி ஆடக் கூடாது, அதுதான் ஆஃப்சைடு. அப்போது அணிகள் அதில் எதிராளியை மாட்டவைக்க டிஃபென்ஸ் வரிசையை மேலே தள்ளிக்கொண்டே வரும். முன்னால் நிற்கும் ஃபார்வர்ட் மாட்டிக்கொள்வார். ஜாக் பின்னாலிருந்து ஓடிவரும் ஆளைப் பயன்படுத்தினார். மிட்ஃபீல்டிலிருந்து ஆலன் ஃபாகன் வேகமெடுத்து வரிசையைத் தாண்டும் நொடியில் பந்து அவருக்கு முன்னால் விழும்; டிஃபெண்டர்கள் திரும்புவதற்குள் அவர் போய்விடுவார். தானே அந்த வரிசையில் நின்று எத்தனை முறை அவஸ்தைப்பட்டிருப்பார்!

நடு வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1977-ல் மூன்றாம் டிவிஷனின் அடியில் கிடந்த ஷெஃபீல்ட் வென்ஸ்டேயை எடுத்து, 1980-ல் மேலே ஏற்றினார், 1983-ல் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. பிறகு நியூகாசிலில் ஒரே வருஷம். அங்கே பால் காஸ்காய்ன் என்ற பையனை முதன்முதலில் இறக்கியவர் அவர்தான். 1985-ல் சீசன் தொடங்கும் முன் ஒரு நட்பு ஆட்டத்தில் சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டதும் ராஜினாமா. இன்னொரு தழும்பும் உண்டு: 1977-ல் இங்கிலாந்து மேனேஜர் வேலைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை என்பதல்ல அவர் மனக்குறை. கடிதத்துக்குப் பதில்கூட வரவில்லை.

1986 பிப்ரவரியில் அயர்லாந்துக் குடியரசு அவரை எடுத்தது. லிவர்பூலின் பழைய மேனேஜர் பாப் பெய்ஸ்லிக்குத்தான் வேலை என்று எல்லோரும் நினைத்திருக்க, ஓட்டெடுப்பில் ஜாக் வந்தது பலருக்கு அதிர்ச்சி. அந்நியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வருவது அதுவே முதல் முறை, அதுவும் ஆங்கிலேயர், அதுவும் வட அயர்லாந்தில் துப்பாக்கிச் சத்தம் ஓயாத காலத்தில். அதுவரை அயர்லாந்து எந்தப் பெரிய போட்டியின் இறுதிச் சுற்றுக்கும் தகுதி பெற்றதில்லை. அங்கே மக்களின் விளையாட்டு என்றால் கேலிக் ஃபுட்பாலும் ஹர்லிங்கும்தான்; கால்பந்தை ஆங்கிலேயப் பட்டாளத்தின் ஆட்டம் என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர்.

இப்போது அந்த "வானத்துக்கு உதைத்த" விஷயத்துக்கு வருகிறேன். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையை ஜாக் ஒரு டிஃபெண்டரின் கண்ணோடு பார்த்தார். எல்லா அணியும் ஒரே மாதிரி ஆடுவதாகத் தெரிந்தது. பின்வரிசையில் பொறுமையாகப் பாஸ், அங்கிருந்து ஓரத்து டிஃபெண்டரான ஃபுல் பேக்குக்கு, அவர் நிமிர்ந்து பார்த்து நடுவில் ஆட்டத்தை உருவாக்கும் பத்தாம் எண்காரருக்கு. பந்து போய்விட்டால் எதிரணி பாதிக் களத்துக்குப் பின்வாங்கிக் காத்திருக்கும். ஆகவே டிஃபெண்டர்களுக்கு நேரம் தாராளம். அவர்களை யாரும் தொந்தரவு செய்வதில்லை. மிட்ஃபீல்டில் போய் இவர்களோடு மல்லுக்கட்டினால் ஜெயிக்க முடியாது, அவர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள். அதனால் மிட்ஃபீல்டைத் தாண்டிவிடுவோம் என்று முடிவு செய்தார்.

பந்தைச் சென்டர் ஃபார்வர்டின் தலைக்கு நேரே அடிப்பது இங்கிலாந்து கிளப்களின் பழைய வழக்கம். அது நேரே வரும் பந்து. டிஃபெண்டருக்கு அல்வா சாப்பிடுவது மாதிரி. ஜாக் சொன்ன இடம் வேறு: ஃபுல் பேக்குக்குப் பின்னால், மூலைக் கொடியை நோக்கி. அங்கே பந்து விழுந்தால் டிஃபெண்டர் தன் கோலைப் பார்த்துத் திரும்பி ஓட வேண்டும். டிஃபெண்டருக்கு உலகத்திலேயே பிடிக்காத வேலை அதுதான். முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரியாது. வெளியே உதைத்தால் ஆழத்தில் அயர்லாந்துக்கு த்ரோ-இன். கீப்பருக்குத் தள்ளினால் அது அரைகுறையாகப் போகலாம். திரும்பி ஆட நினைத்தால் அயர்லாந்தின் பச்சைச் சட்டைக்காரர் மேலே ஏறி நிற்பார். அதற்குள் மொத்த அயர்லாந்து அணியும் மேலே வந்திருக்கும். பந்தை இழந்த இடத்திலேயே விரட்டிப் பிடிப்பதை இன்றைக்குப் பெரிய பெரிய மேனேஜர்கள் நுட்பமான பெயர்களோடு செய்கிறார்கள். ஜாக் அதை உரக்கக் கத்தி, கையை ஆட்டிச் செய்தார்.

இந்தத் திட்டத்தில் ஃபார்வர்டின் முதல் வேலை கோல் அடிப்பது அல்ல, துரத்துவது. லிவர்பூலுக்குக் கோல்களை அள்ளிக் குவித்த ஜான் ஆல்ட்ரிட்ஜுக்கு அயர்லாந்துக்காக முதல் கோல் அடிக்க 20 ஆட்டம் பிடித்தது. வேறு மேனேஜராக இருந்தால் எப்போதோ தூக்கியிருப்பார். ஜாக் அசையவில்லை. ஆல்ட்ரிட்ஜ் ஓடுவதால் எதிரணி ஃபுல் பேக்குக்குத் தூக்கம் கெடுகிறதா, அது போதும்.

அவர் காலத்து நாலு புகழ்பெற்ற கோல்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே கதை தெரியும்.

1988 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), ஸ்டுட்கார்ட், ஜூன் 12, எதிரணி இங்கிலாந்து. ஆறாவது நிமிஷம். டோனி கால்வின் பாக்ஸுக்குள் தூக்கிப்போட்ட பந்தை இங்கிலாந்தின் டிஃபெண்டர் கென்னி சான்ஸம் வெளியே உதைக்கப் போய், பந்து செங்குத்தாக மேலே எழும்புகிறது. ஆல்ட்ரிட்ஜ் தலையால் தட்ட, ரே ஹௌட்டன் தலையால் கீப்பர் ஷில்டனைத் தாண்டி அனுப்புகிறார். 1-0. பதில் கடிதம் போடாத இங்கிலாந்துக்கு அதுதான் பதில்.

1990, காலியாரி, மறுபடி இங்கிலாந்து. லினேக்கரின் கோலில் பின்தங்கியிருந்தபோது, இங்கிலாந்தின் மாற்று ஆட்டக்காரராக வந்த ஸ்டீவ் மக்மஹோன் தன் பாக்ஸ் விளிம்பில் பந்தைத் தடுமாறவிட, கெவின் ஷீடி பிடுங்கி மூலையில் அடிக்கிறார். 1-1.

அடுத்து பலெர்மோவில் நெதர்லாந்து. குல்லிட் முதலில் அடித்துவிட்டார். கீப்பர் பேக்கி பானர் பந்தை நீளமாக உதைக்கிறார். அது எதிர்ப் பாதியில் விழும் இடத்தில் நெதர்லாந்தின் வான் ஏர்லே நெருக்கடியில் தன் கீப்பருக்கே திருப்பித் தள்ளுகிறார். வான் புரூக்கலன் கையிலிருந்து பந்து நழுவ, நியல் க்வின் சறுக்கிக்கொண்டு போய் உள்ளே தள்ளுகிறார். ஜாக்கின் மொத்தப் பாடத்திட்டமும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது: நீளப் பந்து, திரும்பி ஓடும் டிஃபெண்டர், அரைகுறைப் பாஸ், துரத்தி வந்த ஆள்.

1994, நியூயார்க்கை ஒட்டிய ஜயன்ட்ஸ் ஸ்டேடியம், இத்தாலி. 11-வது நிமிஷம். பந்தைத் தலையால் வெளியே அனுப்ப நினைத்தது சாதாரண ஆள் இல்லை, இத்தாலியின் பேர்பெற்ற டிஃபெண்டர் ஃப்ராங்கோ பரேஸி. அது தூரம் போகாமல் ஹௌட்டனிடம் விழுகிறது. மார்பில் வாங்கி, கீப்பர் பலியூகாவின் தலைக்கு மேல் ஒரு லாப். 1-0, ஆட்டம் அப்படியே முடிந்தது.

நாலிலும் கோலுக்கு முந்தைய தொடுதல்களில் எதிரணி ஆள் ஒருவர் தடுமாறுகிறார். ஒன்றிரண்டு நடந்தால் அதிர்ஷ்டம் என்று விடலாம். ஆறு வருஷத்தில், உலகத்தின் உச்ச அணிகளுக்கு எதிராக, திரும்பத் திரும்ப நடந்தால் அது திட்டம்.

அதிர்ஷ்டமும் இருந்தது, இல்லாமல் இல்லை. 1988 யூரோவுக்கு அயர்லாந்து போனதே, கடைசி ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் கேரி மக்கே என்ற அறிமுக ஆட்டக்காரர் சோஃபியாவில் பல்கேரியாவுக்கு எதிராகக் கடைசி நிமிஷங்களில் அடித்த கோலால். பல்கேரியாவுக்கு டிரா போதுமாக இருந்தது.

ஆட்களைத் தேடியதிலும் அவர் கணக்குப் பார்த்தார். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது அயர்லாந்துக்காரர் என்றால் ஆடலாம் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. ஜாக் அதை முழுசாகப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்ட் கிளப்பில் ஆல்ட்ரிட்ஜைப் பார்க்கப் போனபோது, கூட ஆடும் கிளாஸ்கோ பையன் ஹௌட்டனின் அப்பாவும் அயர்லாந்துதான் என்று ஆல்ட்ரிட்ஜே சொல்ல, ஒரு பயணத்தில் இரண்டு பேர் கிடைத்தார்கள். டப்ளினில் சிலர் முணுமுணுத்தார்கள். வேலை தேடித் தலைமுறை தலைமுறையாகக் கப்பலேறியவர்களின் பிள்ளைகள் பச்சைச் சட்டை போடுவதில் என்ன தப்பு என்று ஊரே பிறகு கேட்டது.

அவர் முறையின் ஓட்டையையும் சொல்ல வேண்டும். துரத்துவதற்கு எதிரணி பந்தை வைத்திருக்க வேண்டும். எகிப்து வைத்திருக்கவில்லை. 1990-ல் பலெர்மோவில் எகிப்து முழுக்கப் பின்னால் உட்கார்ந்துகொள்ள, அயர்லாந்து தானே ஆட்டத்தை உருவாக்க வேண்டிய நிலை வந்தது. உருவாக்கத் தெரியவில்லை. 0-0. அயர்லாந்துத் தொலைக்காட்சியில் விமர்சகர் ஏமன் டன்ஃபி கடுப்பில் பேனாவைத் தூக்கிப் போட்டார். நாடே அவர் மேல் பாய்ந்தது. ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்பது என் கட்சி. 1995-ல் லிக்டன்ஸ்டைனோடும் இதே 0-0 வந்தது.

லியாம் பிரேடி விஷயமும் எனக்கு உறுத்தல்தான். அயர்லாந்து பெற்ற மிக நேர்த்தியான மிட்ஃபீல்டர். பந்தைக் காலில் வைத்து யோசிப்பவர், ஆகவே ஜாக்கின் திட்டத்தில் இடமில்லை. 1989-ல் மேற்கு ஜெர்மனியோடு நடந்த நட்பு ஆட்டத்தில் பாதி நேரம் முடியும் முன்பே அவரை வெளியே எடுத்தார். பிரேடியின் சர்வதேச ஆட்டம் கிட்டத்தட்ட அங்கேயே முடிந்தது. வேண்டாம் என்று முடிவெடுத்ததில்கூட எனக்குச் சண்டை இல்லை, அதை ஊர் பார்க்கச் செய்த விதம் மோசம். டேவிட் ஓலியரி கதை வேறு மாதிரி. பின்னாலிருந்து பாஸ் கொடுத்து ஆடும் சென்டர் பேக். 1986-ல் ஐஸ்லாந்துப் பயணத்துக்கு முதலில் பெயர் இல்லை, பிறகு ஆள் குறைந்ததும் கூப்பிட்டார்கள். குடும்பத்தோடு விடுமுறைக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது, வர முடியாது என்றார். இரண்டு வருஷத்துக்கு மேல் ஜாக் அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஜெனோவாவில் ரொமேனியாவுக்கு எதிரான பெனால்டியில், டிமோஃப்டேயின் உதையை பானர் தடுத்த பிறகு, கடைசி உதைக்கு நடந்து வந்தவர் அதே ஓலியரி. அடித்தார்.

இந்தக் கறாரான மனுஷனின் இன்னொரு முகம் பால் மெக்ராத்திடம் தெரிந்தது. அற்புதமான சென்டர் பேக், அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை கண்ட முழங்கால்கள், குடிப்பழக்கத்தோடு போராட்டம்; சில முறை ஆட்டத்துக்கே வராமல் போயிருக்கிறார். ஓலியரியை மன்னிக்காத ஜாக் இவரை ஒவ்வொரு முறையும் மன்னித்தார், பத்திரிகைகளிடமிருந்து மறைத்துக் காத்தார். சென்டர் பேக்குகள் நிறைய இருந்ததால் அவரை மிட்ஃபீல்டில் காவலாக நிறுத்தியதும் ஜாக்தான். 1994-ல் இத்தாலிக்கு எதிராக மெக்ராத் மறுபடி பின்வரிசையில், தோள் வலியோடு, ராபர்ட்டோ பாஜியோவின் அணியை 90 நிமிஷமும் மறித்தார்.

அதற்குப் பிறகு இறங்குமுகம். ஆர்லாண்டோ வெயிலில் மெக்சிகோவிடம் தோல்வி. ஆல்ட்ரிட்ஜை இறக்கத் தாமதித்த அதிகாரிகளோடு கோட்டோரத்தில் சண்டை போட்டதால் ஜாக்குக்கு அபராதம், ஒரு ஆட்டத் தடை. பிறகு நெதர்லாந்திடம் 0-2. ஆட்களுக்கு வயதானது, துரத்தக் கால்கள் இல்லை. 1995 டிசம்பரில் லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் அதே நெதர்லாந்து, 19 வயது க்ளைவர்ட்டின் இரண்டு கோல்கள், யூரோ வாய்ப்பு போனது. ஜாக் விலகினார். 94 ஆட்டம், 47 வெற்றி, 30 டிரா, 17 தோல்வி. அடுத்து வந்தவர் அவருடைய கேப்டனாக இருந்த மிக் மெக்கார்த்தி, அவரும் சென்டர் பேக்.

1996-ல் அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது. மீன்பிடிப்பதற்காக அவர் அந்த நாட்டின் ஆறுகளைச் சுற்றிக்கொண்டே இருந்தார். கார்க் விமான நிலையத்தில் உள்ள அவர் சிலையும் தூண்டிலோடுதான் இருக்கிறது. 2020 ஜூலையில், 85 வயதில் காலமானார்.

ஒரே ஒரு ஆட்டம் பார்ப்பதாக இருந்தால் எகிப்து ஆட்டத்தைத் தொடாதீர்கள். 1994 இத்தாலி ஆட்டத்தைப் போடுங்கள். முதல் கால் மணி நேரத்துக்குப் பந்தைப் பார்க்காமல், இத்தாலியின் நாலு டிஃபெண்டர்களை மட்டும் பாருங்கள்: பந்து தங்களைத் தாண்டிப் போகும்போது அவர்கள் எத்தனை முறை திரும்பி ஓட வேண்டியிருக்கிறது என்று.